எட்டு பிட்டில் அப்பாவின் குரல்

அந்த ஆண்டர்சன்பேட்டை கடைக்காரனை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை. இரண்டாயிரமாவது வருஷம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, கேசட்டை சிடியாக்கித் தருவதாக வாசலில் எழுதிப் போட்டிருந்தான்.

நான் கொண்டுபோனது பாட்டு கேசட் இல்லை, அப்பாவின் குரல். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்; அந்தத் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தது. கடைசி மாதம் பேச்சே வெறும் மூச்சாகத்தான் வந்தது. குவைத்தில் நர்ஸாக இருந்த தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருநாள் டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். "இது அவளுக்கு மட்டும். எல்லாரும் வெளிய போங்க" என்றார். அம்மாவைக்கூட இருக்க விடவில்லை.

அடக்கம் முடிந்தபின் தங்கை போனில், "ணா, இங்க சிடி போடுற பெட்டிதான் கீது, சிடியா அனுப்பு" என்றாள். கடைக்காரனிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், குரல் சன்னம், பார்த்துச் செய் என்று. "நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றான். அப்பா சொன்ன சொல்லுக்காக நான் சிடியைப் போட்டுக் கேட்காமலே அனுப்பினேன்.

அவள் போன் செய்தாள். "இருமல் மட்டும்தான் கேக்குதுண்ணா. நடுவுல ஒண்ணுமே இல்ல."

கடையிலிருந்து திரும்பி வந்த கேசட்டை பீரோவிலிருந்து எடுத்துப் போட்டேன். சினிமாப் பாட்டு ஓடியது. எங்கள் ஊரில் பழைய கேசட்டைக் கடையில் கொடுத்தால், அதன்மேல் புதுப் பாட்டு பதியத்தான் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வந்தும் அந்த மடையனின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

கடைக்கு ஓடினேன். "கேசட்ட சும்மா தர வேணாம்னு புதுப் பாட்டு போட்டேன். நல்லா கீதா சார்?" என்றான்.

"யோவ், செத்துப்போன மனுசன் குரல்யா அது. சிடியிலயும் பேச்சக் காணோம்."

"கம்ப்யூட்டர்ல இடம் பத்தல சார். பதினாறு பிட்ட எட்டாக்கி, இரைச்சலையும் எடுத்துட்டேன். சிடியில ஏத்தறப்ப சாப்ட்வேரே திரும்பப் பதினாறாக்கிடும்."

ஆக்கிடுமாம். பிட் என்பது சத்தத்தை அளக்கும் படிக்கல் மாதிரி; பாதியாகக் குறைத்தால் சின்னக் கல்லெல்லாம் போய்விடும். கிலோ படிக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு தங்கத்தூளை நிறுத்தால் தராசு அசையுமா? பெரிய சத்தமான இருமல் மட்டும் மிஞ்சியது. சன்னமான பேச்செல்லாம் பூஜ்யமாகிவிட்டது. கூடவே இரைச்சல் என்று எதைத் துடைத்தானோ, அதில் மிச்சமும் போயிற்று. பூஜ்யத்தைப் பதினாறு பிட்டில் எழுதினாலும் பூஜ்யம்தான். கேட்டால், "இப்பவும் பதினாறுன்னுதானே சார் காட்டுது" என்று திரையைத் திருப்பிக் காட்டுகிறான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை தங்கையிடம் போனில் அவனைத் திட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டாள்.

"அவன வுடுண்ணா. அப்பா எனக்கு இன்னா சொன்னாரு? கதவாண்ட நின்னுனு இருந்திருப்பியே, எதுனா ஒரு வார்த்தை காதுல வுழுந்திருக்கும். அத மட்டும் சொல்லு."

"ஒண்ணும் வுழலம்மா" என்றேன்.