ஓட்டாமல் கிடந்ததால் என்று எழுதினேன்

நான் திருடினேன். திருடியதோடு நிற்காமல், அந்தப் பழியை ஒரு பாவமும் அறியாத மனிதர் தலையில் கட்டினேன். அதையும் இணையத்தில், நாலு பேர் பார்க்கும்படி, என் கையாலேயே எழுதி வைத்தேன்!

இதை உங்களிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் ஒன்றும் கேட்காதீர்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் வராது...

எனக்கு ஆம்பூர். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். பழைய டேப் ரிக்கார்டர்கள் என்றால் பைத்தியம். எங்கள் பக்கத்தில், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று என்னைப் போன்ற பைத்தியங்கள் இன்னும் சிலர் உண்டு. எல்லாரும் சேர்ந்து இணையத்தில் ஒரு பொது கேட்லாக் வைத்திருக்கிறோம். யாரிடம் எந்த மெஷின் இருக்கிறது, ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. சொந்த மெஷினைப் பற்றி யாரும் தானே எழுதக் கூடாது. இன்னொருவர் நேரில் போய், ஓடவிட்டுக் கேட்டு எழுத வேண்டும். அப்படி வீடு வீடாகப் போய் எழுதியவள் நான்தான். என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

என்னிடம் ஒரு ஸ்பூல் மெஷின் இருந்தது. தட்டு மாதிரி இரண்டு சக்கரங்களில் நாடா சுற்றுமே, அந்தப் பழைய ரகம். உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் போயிருந்தது. புதிது வரவழைக்கலாம் என்றார்கள். தோல் ஊர்க்காரிக்கு ஒரு பெல்ட் வெட்டத் தெரியாதா? கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் ஒன்று வெட்டி, இழுத்துப் பிடித்து மாட்டினேன். மோட்டார் திணறியது. நான் விடவில்லை. கருகிய பிறகுதான் விட்டேன். ரப்பர் பெல்ட்டை வரவழைத்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்த மாதம் வேலூரில் ஒரு கல்லூரியில் கண்காட்சி. கேட்லாக்கில் ‘ஓடுகிறது’ என்றிருக்கும் மெஷின்களை மட்டும்தான் அழைப்பார்கள். என் மெஷின் வரப்போகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். அதைச் சோதித்து எழுத வேறொருவர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. என்ன செய்வேன்!

அதே ரகத்தில் இன்னொரு மெஷின் குடியாத்தத்தில் இருந்தது. சேகருடையது. அவர் ஷூ டெக்னீஷியனாக எத்தியோப்பியா போகும்போது, தம்பி இளங்கோவிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போனார். இளங்கோ விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். வாரா வாரம் தறிக்கு லீவு விடும் நாளில், அண்ணன் சொன்னபடி அந்த மெஷினை ஓடவிட்டுக் கேட்பார்.

சோதிக்கிற சாக்கில் அங்கே போனேன். போகும்போதே என் கைப்பையில் கருகிய மோட்டார் இருந்தது. ஆமாம்... வீட்டிலிருந்தே எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்! அங்கே போய் புத்தி கெட்டது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

“டீ வாங்கினு வர்றேன்க்கா, நீங்க பாத்துனு இருங்க” என்று தூக்குவாளியோடு வெளியே போனார் இளங்கோ. அவர் திரும்புவதற்குள் மோட்டாரை மாற்றிவிட்டேன். அவர் வாங்கி வந்த டீயையும் குடித்தேன்.

அன்று மாலை கேட்லாக்கில் எழுதினேன்: ‘ஓடவில்லை. ஓட்டாமல் கிடந்ததால் மோட்டார் இறுகிவிட்டது.’

‘ஓடவில்லை’ என்பதோடு நிறுத்தியிருக்கலாமே? அடுத்த வரி எதற்கு? யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது என்பதற்குத்தான். வேறு காரணமே இல்லை.

எத்தியோப்பியாவிலிருந்து சேகர் அதைப் படித்தார். தம்பியை போனில் பிடித்துக் கத்தினார். “ஓட்டினேன்ணா, ஒரு வாரங்கூட விடல” என்று இளங்கோ சொல்லியிருக்கிறார். “அப்ப அக்கா பொய் எழுதிட்டாங்களா?” என்று கேட்டாராம் அண்ணன். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இதை சேகரே என்னிடம் சொன்னார், ஏதோ எனக்கு ஆதரவாகப் பேசிவிட்ட திருப்தியில்!

அடுத்த லீவில் வந்தவர், தம்பி வீட்டிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். “உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்க்கா.” வாங்கி வைத்துக்கொண்டேன். கண்காட்சியில் பரிசு வாங்கிய என் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மரத்துப்போன மனசு எனக்கு. வேறென்ன சொல்ல?

போன மாதம் சேகர் மறுபடி லீவில் வந்தார். இளங்கோ மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “பத்திரிகை அச்சுக்குப் போவுதாம். பெரியப்பான்னு என் பேரே இல்லியாம்க்கா” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தோளில் தூக்கி வளர்த்த பெண் அது.

அன்றே முடிவு செய்தேன். பெயர் போனால் போகட்டும், அந்தப் பத்திரிகை இப்படி அச்சாகக் கூடாது.

என் மெஷினைத் திறந்து மோட்டாரைக் கழற்றினேன். சேகரின் மெஷினில் மாட்டி ஓடவிட்டேன். ஓடியது. பிறகு கேட்லாக்கைத் திறந்து, நடந்ததை என் பெயர் போட்டு எழுதினேன். எழுதியதை ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. படித்திருந்தால் அழித்திருப்பேன். உடனே சேகருக்கு போன் போட்டு வாயாலும் சொன்னேன்.

“நான் இன்னா மூஞ்ச வெச்சினு அவன் வாசப்படி ஏறுவேன்?” என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்...

மறுநாள் மெஷினை பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினேன். மற்றவர்கள் கேட்லாக்கைப் படித்துவிட்டு போன்மேல் போன் போட்டபடி இருந்தார்கள். இனி நான் எதையும் சோதிக்கக் கூடாது என்று முடிவாகிவிட்டது. அது நியாயம்தான்.

இளங்கோ தறிக்கொட்டகையில் இருந்தார். படித்துவிட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மெஷினைக் கீழே வைத்தேன். அதை அவர் தொடவில்லை.

“அண்ணன் பேரச் சேக்கச் சொல்லிட்டேன்க்கா. கல்யாணத்துக்கு வருவாரு. காலையில போன் பண்ணி அழுதாரு” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

“ஆனா ஒண்ணுக்கா. அன்னிக்கும் நீங்க எழுதினததான் நம்புனாரு. இன்னிக்கும் நீங்க எழுதினததான் நம்புறாரு. நான் சொன்னத அவரு எப்பவுமே நம்பலியே... அத எப்படி சரி பண்ணுவீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தறியை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. நிறுத்துவார், மறுபடி சொல்லலாம் என்று அந்திவரை அங்கேயே நின்றேன். அவர் நிறுத்தவில்லை.