மாடு பூட்டாத நாள்

மாலை நாலே கால். பொங்கல் விடுமுறைக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் எங்கள் மோட்டார், கிருமாம்பாக்கத்தில் மாட்டுப் பொங்கல் கும்பலை நெருங்குகிறது. வழிவிடச் சொல்லி டிரைவர் ஹாரனை அழுத்துகிறார். கொம்பில் சாயம் பூசிய காளை ஒன்று மிரண்டு குறுக்கே பாய்கிறது.

காளைமீது மோதிய மோட்டார் புளியமரத்தில் முட்டி, முன்சக்கரம் மடங்கி நிற்கிறது. காளை சாலையிலேயே செத்துக் கிடக்கிறது. கழுத்தில் வடையும் கரும்பும் கோத்த மாலை. என் எட்டு வயது மகள் கமலா மடியில் கிடக்கிறாள். அவள் தலையில் கட்டிய துண்டு நனைந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் பக்கத்து ஊரான பாகூரில்தான் இருக்கிறாராம்.

“மேளத்துக்கே மெரளுற மாடு. ஆரன் அடிச்சா நிக்குமாய்யா?” என்கிறாள் ஒரு பெண்.

“தப்புதாம்மா. யாரையாவது வண்டி பூட்டச் சொல்லுங்களேன்” என்கிறேன்.

“இன்னிக்கா? இன்னிக்கி எந்த வூட்லயும் மாட்டு மேல நொகத்தடி வெக்கமாட்டாங்க.”

சுற்றிலும் வண்டிகளும் நிற்கின்றன, மாடுகளும் நிற்கின்றன. கும்பிட்டுக் கேட்கிறேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். காளையின் முகத்தைக் கட்டிக்கொண்டு அழுத அதன் சொந்தக்காரர் எழுந்து போய்விடுகிறார். கமலாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் கண் திறக்கவில்லை.

சக்கரச் சத்தம் கேட்கிறது. ஒரு கட்டை வண்டி வருகிறது. நுகத்தடியை நெஞ்சில் அணைத்து இழுத்து வருபவர் காளையின் சொந்தக்காரர்தான். மறுபக்கம் அவர் தம்பி. என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்:

“புள்ளயத் தூக்கி வை. எம் மாடுதான் போயிடிச்சி.”