இரண்டு அரளிப் பொட்டலங்கள்

வேலை போனபோது என் மனைவி செல்லம்மாளுக்கு ஐந்தாம் மாதம். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்த வருஷம் அது. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் என்னையும் நிறுத்திவிட்டார்கள். செல்லம்மாளை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வேலை தேடிப் பினாங்குக்குப் படகேறினேன். மைத்துனர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"ஐப்பசி வரைக்கும் பாப்பேன் மாப்ள. அப்புறம் ரெண்டு பேரையும் இலவசக் கப்பல்ல ஏத்தி விட்டுருவேன்."

வேலை இழந்தவர்களை அரசாங்கம் காசு வாங்காமல் இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஊரில் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவேன்? அந்த நினைப்பே என்னைத் தின்றது.

சூலியா தெருவில் ஒரு மாடி அறையில் ஒண்டிக்கொண்டேன். அங்கிருந்த எல்லாருமே வேலை போனவர்கள். அங்கேதான் சிங்காரம் அண்ணனைப் பார்த்தேன். ஒரு கப்பல் ஆபீசில் பியூனாக இருந்தவர், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். சாயங்காலமானால் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துரை மாதிரி அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வார். வேலை கேட்டுப் போவதற்கு ஒத்திகையாக நாங்கள் ஒவ்வொருவராக எதிரே போய் நின்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி வாசலுக்குப் போய்த் திரும்பி வரச் சொல்வார்.

அன்பர்களே, என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சட்டென்று யாரையும் நம்ப வராது. தானே வேலை தேடுகிற மனுஷன் அடுத்தவனுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். இதற்கு என்ன அர்த்தம், துரையைத் திட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஒருவேளை இவர்கள் இரண்டு பேரும் கூட்டாக இருப்பார்களோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

புரட்டாசி பிறந்தது. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் பார்க்க ஆள் வேண்டும் என்று அங்கே கணக்கெழுதும் கிராணி ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது. எனக்கும் ஆசை, சிங்காரம் அண்ணனுக்கும் ஆசை. கிராணி கறாராகச் சொல்லிவிட்டார்.

"என்னால ஒரு ஆளத்தான் துரைகிட்டக் கூட்டிட்டுப் போக முடியும்லா. நாளைக்குக் காலையில. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க."

"தண்ணீர்மலை முருகன் கோயில்ல போய்ப் பூப் போட்டுப் பாத்துருவோம் தம்பி. முருகன் யாரக் காட்டுறானோ அவன் போகட்டும்" என்றார் சிங்காரம் அண்ணன்.

கைக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று இரண்டுக்குமே அரளிப்பூ. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. வாழையிலையில் மடித்து நாரால் கட்ட வேண்டும். வெள்ளை வந்தால் நான், சிவப்பு வந்தால் அவர். தான் கட்டுவதாகவும் என்னை எடுக்கும்படியும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டிலும் சிவப்பை வைத்துவிட்டால்?

"நானே கட்டுறேன் அண்ணே" என்றேன்.

"சரி, நீ கட்டு. நான் எடுக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் கட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வாரோ? கடைசியில் அவரே கட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்நிதியில் பண்டாரம் பொட்டலங்களை வேலடியில் உருட்டிவிட்டார். கண்ணை மூடினேன். முருகா, எனக்கு வெள்ளைப் பூவைக் கொடு. என் பிள்ளையைக் கப்பலில் பிறக்க வைத்துவிடாதே. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அழுதுகொண்டே ஒன்றை எடுத்தேன். பண்டாரம் பிரித்தார். வெள்ளை.

அத்தோடு விட்டிருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். மற்ற பொட்டலத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் நின்று பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை.

ஏமாற்றுகிறவன் தனக்குச் சாதகமாகத்தானே ஏமாற்றுவான்? இவர் எதற்கு எனக்காகச் சாமி முன்னால் திருட்டுத்தனம் செய்கிறார்? அந்த வேலையில்தான் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். முன்பு இருந்தவன் சரக்கு காணாமல் போய் அகப்பட்டுக்கொண்டான் என்று கிராணி சொல்லியிருந்தார். அடுத்த பலியாடு நான்தான்.

மறுநாள் காலை சிங்காரம் அண்ணன் தன் கோட்டைக் கொடுத்தார். அதன் பைகளையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். கிடங்கு வாசல்வரை கூடவே வந்தார்.

கற்றுக்கொண்ட இங்கிலீஷையெல்லாம் துரை முன்னால் ஒப்பித்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், கிராணி தமிழில் சொன்னார். கிடங்கு பூட்டும் நேரத்தில், துரை கையெழுத்துப் போட்ட சீட்டோடு ஒருவன் மாட்டுவண்டி கொண்டுவந்து சரக்குக் கேட்கிறான். என்ன செய்வாய்?

பெட்டிமேல் உட்கார்ந்து சிங்காரம் அண்ணன் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எனக்கு இருந்த பயத்தில் மனசில் பட்டதைச் சொன்னேன்.

"குடுக்க மாட்டேன். பூட்டுற நேரத்துல எதுக்கு வர்றான்? வண்டிக்காரனை நிறுத்தி வச்சுட்டு நேரா துரைகிட்டயே வந்து கேப்பேன்."

"கையெழுத்து துரையோடதுதான்னு தெரிஞ்சாலுமா?" என்று கிராணியே கேட்டார்.

"துரை கையெழுத்து மாதிரியே போட எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்கென்ன தெரியும்?"

இதைச் சொல்வதா வேண்டாமா என்று கிராணி தயங்கினார். பிறகு சொன்னார். துரை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வாசலில் காத்திருந்த சிங்காரம் அண்ணனிடம் வேலை கிடைத்ததைக்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "ரெண்டுலயும் ஏன் வெள்ளைய வச்சீங்க?" என்று கேட்டேன்.

"பிரிச்சிட்டியா? நீ பிரிப்பேன்னு தெரியும்லா" என்று சிரித்தார். "எனக்குப் பொண்டாட்டியா புள்ளையா? அதோட, அந்த வேலைக்கு யாரையும் நம்பாத ஆளுதான் வேணும். நான் உக்காந்தா எவன் வந்து கேட்டாலும் தொறந்து விட்டுருவேன். ரெண்டே மாசத்துல என்னயும் புடிச்சு உள்ள போட்டுருவான்."

"சாமி முன்னாடி பொய் பண்ணலாமா அண்ணே?"

"நானும் அவன்கிட்டதான்ப்பா கேட்டேன். வெள்ளையவே வையின்னு மனசுல சொன்னான்."

அன்றைக்கு அதை நான் முழுசாக நம்பவில்லை. ஐப்பசியில் செல்லம்மாளைப் பினாங்குக்கு அழைத்துவந்தேன். தை மாதம் பெண் பிறந்தாள், கப்பலில் இல்லை, இங்கேயே, தரையில். அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பூவை எடுக்கிற இடத்தில்தான் முருகன் நிற்பான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கட்டுகிற இடத்திலேயே நின்றிருக்கிறான்.

பங்குனி வந்தும் சிங்காரம் அண்ணனுக்கு வேலை இல்லை. மனசு விட்டுப்போய்க் கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று நான் விசாரித்து வந்தேன். இந்தத் தடவை பெட்டியின்மேல் நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். அவர் சிரித்தாரே ஒழிய பிடிகொடுக்கவில்லை.

"போதும் தம்பி. எத்தனை வாசப்படிதான் ஏறுறது? முருகன்கிட்டக் கேப்போம். வெள்ளை வந்தா இருக்கேன், சிவப்பு வந்தா கப்பல். நீ கட்டு."

தண்ணீர்மலையில் ஒரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து கட்டினேன். இவர் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று முருகனிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் எடுத்தார். வெள்ளை வந்தது. கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற பொட்டலத்தைக் கட்டுப் பிரிக்காமல் மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தார்.

"அதப் பிரிச்சுப் பாக்கலையா அண்ணே?"

"எதுக்கு? நீதானே கட்டுன."

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். அவர் வார்டுக்குள் வந்தாலே பாதி நோய் போனதாகச் சொல்லுகிறார்கள்.

வேலை இல்லாமல் இன்றைக்கு இந்தக் கோயிலில் வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, நம்பிக்கை வந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தோடேயே வாருங்கள். செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றிவிட்டு வா என்று முருகன் சொல்லவில்லை. அழுது கேளுங்கள். பக்கத்தில் இருக்கிறவனுக்காகவும் கேளுங்கள். நான் இன்றைக்கும் கிடங்கில் ஒருவனையும் நம்புவதில்லை, அதற்குத்தான் சம்பளம். வெளியே வந்தால் நம்ப ஓர் ஆளைக் கொடுத்தான் பாருங்கள், அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்.

இத்தனை நாளாக ஒன்றை நெஞ்சுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் அதோ தூண் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, நீங்க பிரிக்காம வச்ச அந்தப் பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு.