சால்வையான ஏரி

கண்காட்சி அழைப்பிதழில் ஓவியர்களின் பெயர் இருக்கும். சிற்பிகளின் பெயர் இருக்கும். குத்துவிளக்கு ஏற்றுபவரின் பெயர் இவர்கள் எல்லோருடையதையும்விடப் பெரிய எழுத்தில் இருக்கும். துணியில் வேலை செய்கிறவள் மட்டும் 'மற்றும் பலர்' என்பதற்குள் அடங்கிவிடுவாள். நான் அந்தப் பலரில் ஒருத்தி. நுண்கலையில் முதுகலை படித்தவள். தையற்கடைகள் கழித்துப்போடும் துண்டுத் துணிகளை இணைத்துச் சித்திரம் செய்கிறவள். தாம்பரத்தைச் சுற்றி ஊசியும் நூலுமாகக் கண்காட்சிகளுக்கு அலையும் சக பாவிகளே, இதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. நீங்கள் பட்ட பாட்டில் ஆட்கள் மட்டும் வேறாக இருந்திருப்பார்கள்.

இங்கே வருவன யாவும் ஒரே படைப்பைப் பற்றியவை. 'ஏரி இருந்த இடம்' என்று அதற்குப் பெயர். ரவிக்கை தைத்து மிஞ்சிய நீலப் பட்டும் பச்சைப் பட்டும், பழைய புடவைகளிலிருந்து வெட்டியெடுத்த ஜரிகைக் கரையும் சேர்ந்து, ஓராண்டு உழைப்பில் உருவானது. நகரத்துக் கலைக்கூடம் ஒன்று அதன் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசலைக் கொண்டுவந்தால் தேர்வுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் சேலையூரில் எங்கள் காலனிச் சங்கத்தின் கண்காட்சி. இரண்டு நாள் இங்கேயும் தொங்கட்டும் என்று நினைத்தேன்.

சுவர் கேட்டது

சங்கச் செயலர் ஓய்வு பெற்ற பொறியாளர். கம்பு லட்டுக் கடைக்கும் சுடுமண் தோட்டுக் கடைக்கும் நடுவே எனக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார். எனக்கு மேசை வேண்டாம், சுவர் வேண்டும் என்றேன். சுவர் ஓவியங்களுக்கு என்றார். இதுவும் ஓவியந்தான், தூரிகைக்குப் பதில் ஊசி என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் அசையவில்லை.

நெடுநேர வாதத்துக்குப் பிறகு மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஓரச் சுவர் கிடைத்தது. துணியின் மேல்விளிம்பில் மூங்கில் கோலைச் செருகி நானே மாட்டினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த செயலர் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். துணிய டேபிள்ல வெச்சா எக்ஸிபிஷன். செவுத்துல மாட்டினா காயப்போட்ட மாதிரிதான் இருக்கும்."

தொடாதீர்கள்

'தொடாதீர்கள்' என்று எழுதி அருகில் ஒட்டியிருந்தேன். எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் அதே மனிதர்கள், துணியைக் கண்டதும் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலுமாக நெருங்கிவிடுகிறார்கள். துணிக்கடைகளில் பழகிய கைகள் அவை. அறிவிப்பைப் படிக்கிற கண்ணுக்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வந்த தோழியர் இருவர் கசக்கிப் பார்த்தார்கள். சுத்தப் பட்டா என்று கேட்டார்கள். மகளின் கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் ரவிக்கை செய்துதர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். இது ஏரி, அடர்ந்த நீலம் ஆழம், ஜரிகை அந்தி வெளிச்சம், கீழே கட்டம் கட்டமாக வருபவை வீட்டுமனைகள் என்று விளக்கினேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் ஏரியைப் புரட்டி முதுகுப்புறத்தை ஆராய்ந்துவிட்டுத் தோழியிடம் தீர்ப்புச் சொன்னார்: "பின்பக்கம்கூட நீட்டாத்தான்டி தச்சிருக்காங்க. ஃபால்ஸ்தான் அடிக்கல."

சபை மரியாதை

சனிக்கிழமை மாலை பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை விற்கும் பிரமுகர். நான் எந்த ஏரியைத் தைத்தேனோ, அதைப் பிரித்து விற்றவர்களில் அவரும் ஒருவர். வரும்போது மைத்துனரையும் அழைத்து வந்துவிட்டார். மேடையில் உட்கார்ந்தவருக்குச் சால்வை போடாமல் விடுவது நம் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். இருந்த சால்வை மைத்துனருக்குப் போய்விட்டது. பிரமுகருக்கு ஒன்று குறைந்தது. செயலர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மேடையோரச் சுவரைப் பார்த்தார். பட்டு, ஜரிகை, சால்வை நீளம். மூங்கில் கோலை உருவி எறிந்துவிட்டார்.

நான் தேநீரும் கையுமாகக் கூடத்தின் கடைசியில் நின்றிருந்தேன். நாற்காலிகளைத் தாண்டி முன்னால் வருவதற்குள் கைதட்டலும் புகைப்படமும் முடிந்திருந்தன. ஏரியை ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துக்கொண்டவர், இப்போது தோளிலும் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் வாயைத் திறந்தேன். செயலர் என்னை ஓரங்கட்டினார்: "சபைல வேணாம் மேடம், ப்ளீஸ். போட்டதக் கழட்டுங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு நானே வாங்கித் தரேன்."

சால்வைகளின் போக்குவரத்து

மறுநாள் செயலர் தொலைபேசியை எடுக்கவில்லை. நானே கூடுவாஞ்சேரிக்குப் போனேன். பிரமுகர் வீட்டில் இல்லை. அவர் மனைவி மோர் கொடுத்து உட்காரவைத்து, கேட்டதும் தயங்காமல் பீரோவைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சால்வைகள் கூரை முட்ட இருந்தன. மாலையில் அவருக்கு விழுவது, மறுநாள் அவர் போகும் விழாவில் இன்னொருவர் தோளில் விழும். யாரும் போர்த்துவதில்லை, யாரும் துவைப்பதில்லை. என்னுடையது கனமாக இருந்ததால் உயர்ந்த ரகம் என்று எண்ணி, மனைவியே அன்று காலை வண்டலூரில் ஒரு பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு அனுப்பிவிட்டார். அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்த சரோஜாம்மாவுக்கு விழா.

அது சால்வை அல்ல, சித்திரம் என்றேன். அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டார்: "படமா? அப்ப ஃப்ரேம் போட்டுல்ல குடுத்திருக்கணும். எங்க வூட்டுக்கு வர்ற சால்வை எதுவும் ஒரு நாளைக்கு மேல தங்காதும்மா."

வண்டலூர்

சரோஜாம்மாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்கத் திங்கள் நண்பகல் ஆகிவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது வீடு. முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகளில் என் ஏரி தொங்கிக்கொண்டிருந்தது. கோணல் இல்லை. ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டேன். "போத்திக்கினா குத்துது, மடிச்சா ஜரிகை ஒடியும். வேற இன்னா பண்றது?" என்றார்.

எதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. "உன்னுதுதான்னு சொல்ற, எடுத்துக்க. ஆனா ஆறு மணிக்குப் பையனுக்குப் பாத்துருக்கற பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. எனக்குச் சால்வை போட்டாங்கன்னு போன்ல சொல்லி வெச்சிருக்கேன். அவங்க பாத்துட்டுப் போவட்டும், நீயே கழட்டிக்கினு போ." அவருடைய பணிக்காலம் முழுவதிலும் அவர் தோளில் விழுந்த ஒரே சால்வை அது. நான் ஐந்து மணிக்குள் நகரத்தில் இருக்க வேண்டும் என்றேன். இதைவிடப் பெரியதாக, அவர் பெயரே போட்டு, இன்னொன்று தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். சரோஜாம்மா காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்தார்: "நீ தைப்பம்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா வாக்க இன்னிக்கு சாயந்தரம் செவுத்துல மாட்ட முடியாதே."

பிறகு

பிடுங்கி எடுத்திருக்கலாம், பொருள் என்னுடையது. ஆனால் ஒருவர் தம் சுவரில் மாட்டியதை அவர் சம்மதமில்லாமல் உருவுவதற்குப் பெயர் என்னவென்று இரண்டு நாளாகச் செயலரை வைத்து ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள் நான். கலைக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஐந்து என்றால் ஐந்துதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பெண் வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், திருமணத்துக்குச் சம்மதித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் சரோஜாம்மா ஆணிகளைத் தளர்த்தி, துணியை மடிக்காமல் சுருட்டிக் கொடுத்தார்.

அந்த ஆண்டுத் தேர்வில் நான் இல்லை. மறு ஆண்டு அதே ஏரியைக் கொண்டுபோனேன், எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பொத்தேரியில் ஒரு கல்லூரியில் வாரத்தில் சில நாட்கள் கற்பிக்கிறேன், மற்ற நாட்களில் தைக்கிறேன், அழைக்கிற கண்காட்சிக்கெல்லாம் போகிறேன். எட்டடிக்குக் குறைந்த அகலத்தில் எதையும் தைப்பதில்லை. அவ்வளவு பெரிய தோள் இந்தப் புறநகரில் எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் இன்னும் வாய்க்கவில்லை.