மாமனாரின் லாரிக்கு நான் பூசிய புழுதி

தண்டலம் வழியாக 1991இல் மாமனார் ஓட்டிய லாரியை, கையளவு மாடலாகச் செய்து இன்று அவரிடம் காட்டினேன்.

பெயிண்ட் கெடாமலிருக்க முதலில் வார்னிஷ் அடித்து, அது காய்ந்தபின் டர்பன்டைனில் கரைத்த பழுப்பு ஆயில் பெயிண்டை இடுக்குகளில் ஓடவிட்டிருந்தேன். பார்த்தால் அசல் ரோட்டுப் புழுதி.

“இன்னா மாப்ள, வண்டிய இவ்ளோ அழுக்கா வச்சிகினு கீறீங்க?” என்றார்.

“ஓடின வண்டின்னா அப்படித்தானே மாமா இருக்கும்?”

“நா கழுவாம ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்ல.”

மேசையிலிருந்த டர்பன்டைனில் துணியை நனைத்து அவரே துடைத்தார். புழுதி போனது. வார்னிஷுக்கு அடியில் நீலப் பெயிண்ட் பத்திரமாக இருந்தது.

முன்பக்கம் பளபளத்ததும் துணியை என்னிடம் நீட்டினார்.

“பின்னாடி நீ தொடைடா.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றுதான் ‘டா’ போட்டிருக்கிறார். கோபமா, இல்லை என்னைக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டாரா?

துணியோடு உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஓட்டிய மாமனார் வாய்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.