தரையைக் கொஞ்சிய பிக்கப்

எங்கள் எஸ்பன்யோலா ஊரில் டெல்ஃபினோ அராகோனைத் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். பகலெல்லாம் உயரத்தில் உட்கார்ந்து வந்தவனுக்குச் சாயங்காலம் தரையோடு தரையாகப் போனால்தான் மனசு ஆறும். அதற்கென்றே ஐம்பத்தொன்றாம் வருடத்து பிக்கப் லாரி ஒன்று வைத்திருந்தான். வில்பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, அச்சில் கட்டை கொடுத்து, வண்டியின் வயிற்றுக்கும் சாலைக்கும் நடுவே நாலு விரல் இடம் மட்டும் விட்டிருந்தான். வண்டியைத் தாழ்த்தி ஆமை வேகத்தில் ஊர்வலம் போகிற சங்கம் எங்களுடையது. அதிலும், பொத்தானை அமுக்கி வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்குகிற ஆட்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"இறக்குனா இறக்குனதுதான்டா. அப்புறம் என்ன எந்திரிக்கிறது?" என்பான்.

மகள் மரிசெலாவுக்குக் கல்யாணம் வந்தது. அவள் அம்மா இவனை விட்டுப் போய் ஒர்லாண்டோவைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒர்லாண்டோவின் வண்டியில் ஏற ஏணி வேண்டும், அவ்வளவு உயரம். மணப்பெண்ணைத் தன் வண்டியில் கொண்டுபோக அவனுக்கு ஆசை. மரிசெலாவோ, "நான் எங்கப்பா வண்டியிலதான் போவேன்" என்றுவிட்டாள்.

டெல்ஃபினோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாலு விரல் போதாது, இரண்டு விரல் வேண்டும் என்றான். உருவப் பட்டை மிச்சமில்லை. பழைய ஆட்கள் செய்ததுபோல் பின்னால் பாரம் ஏற்றினான், பன்னிரண்டு மூட்டை சிமெண்ட்.

"மணல் போடுடா, போதும்" என்றேன்.

"மணலா? என் மகள் கல்யாணத்துக்கா?"

ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் வானத்தை நம்பக்கூடாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கொட்டித் தீர்த்தது. தார்ப்பாய் போட மறந்திருந்தான். மறுநாள் பார்த்தால் பன்னிரண்டு மூட்டையும் ஒரே பாறை, வண்டியோடு ஒட்டிக்கொண்டு. கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம்.

மாதா கோயில் வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. மணிக்குப் பத்து மைல் தாண்டாத எங்களுக்கு அது எதற்கு என்று இன்றுவரை கேட்கிறேன். வழக்கமாக டெல்ஃபினோ சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கிவிடுவான். கல்யாணத்தன்றும் அப்படித்தான் ஏறினான். வண்டியின் வயிறு திட்டின்மேல் படுத்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

ஒர்லாண்டோ சங்கிலியோடு ஓடிவந்தான். "இழுத்துரட்டுமா, அண்ணே?"

"என் வண்டி என்ன செத்த மாடா?" என்று டெல்ஃபினோ சீறினான். பிறகு பக்கத்தில் இருந்த மகளிடம் குரலை இறக்கிச் சொன்னான்: "வாசப்படி வரைக்கும் கொண்டுபோயிருவேன்னு நெனச்சேன், கண்ணு. முடியல. நீ எறங்கி அவன்கூடப் போ."

மரிசெலா கதவைப் பூட்டிக்கொண்டாள். "எறங்கமாட்டேன். சாமியாரும் மாப்பிள்ளையும் வேணும்னா இங்க வரட்டும்."

வேறு வழி? சங்கத்துக்காரர்களும் விருந்தாளிகளுமாக முப்பது பேர் கோட்டைக் கழற்றினோம். மணப்பெண், அப்பன், சிமெண்ட் பாறை எல்லாவற்றோடும் வண்டியைத் தூக்கினோம். உள்ளே டெல்ஃபினோ நிமிர்ந்து உட்கார்ந்து அந்தரத்தில் ஸ்டியரிங்கை வளைத்தான். இடப்பக்கம் திரும்பும்போது விளக்கு வேறு போட்டான். முன் பம்பரைப் பிடித்திருந்தவன் ஒர்லாண்டோ. முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

படிக்கட்டருகில் இறக்கினோம். டெல்ஃபினோ பக்கத்துக் கதவு சுவரில் இடித்துத் திறக்கவில்லை. மறுபக்கம் ஒர்லாண்டோ கைகொடுக்க, மரிசெலா இறங்கினாள். டெல்ஃபினோ இருக்கையில் ஊர்ந்து வெளியே வருவதற்குள் ஒர்லாண்டோ ஒதுங்கி நடந்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. டெல்ஃபினோ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எங்கடா போற?"

"உள்ள போய் உக்காரத்தான், அண்ணே."

"இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தவனுக்கு இன்னும் இருபது அடி நடக்க வலிக்குதா? நான் இந்தப் பக்கம், நீ அவளோட அந்தப் பக்கத்துக் கையைப் பிடி."

மூவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். நான் பின்னால் போனேன். முதுகு நிமிரவே இல்லை, குனிந்தபடிதான் நடந்தேன். நல்லதாகப் போயிற்று, நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.