வீடு எந்தக் கரை?

அடையாற்று முகத்துவாரத்தை மணல் அடைத்ததால் தேங்கிய தண்ணீரில் மீன் செத்து மிதந்தது. இன்று காலை இரு கரைக்காரர்களும் சேர்ந்து, கரைகளுக்கு நடைபாதையாகவும் இருந்த அந்த மணல் திட்டை வெட்டினோம்.

வெட்டிய வாய்க்கால் கடலை நெருங்கியதும், தென்கரை ஊரூர்க் குப்பத்துச் செல்லம்மா ஒவ்வொருவரிடமும், "உன் வூடு எந்தக் கரை?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

இதை ஏன் கேட்கிறாள்?

"வடகரை, சாந்தோம்," என்றேன்.

"அப்ப இங்க இன்னா பண்ணிக்கினு கீற வாத்தியாரே? அந்தாண்ட போ!"

"இன்னும் நாலு வெட்டுதானே!"

ஒரு வெட்டுதான் வெட்டினேன். திட்டு உடைந்து, ஆறு முழுவதும் கடலுக்குப் பாய்ந்தது. குப்பமே கூத்தாடியது.

என் சைக்கிளும் சட்டையும் அக்கரையில்! அப்போதுதான் அவள் கேள்வி புரிந்தது.

அடையாறு பாலத்தைச் சுற்றிக்கொண்டு சட்டையில்லாமல் நடந்து வந்தவன் யார் என்று தெருவில் விசாரிக்கிறீர்களாமே. ஆற்றைத் திறந்துவிட்டவன் ஐயா!